திரைக்கு அடியில் வந்த ரயில்

ஞாயிறு காலை. திருமுல்லைவாயிலில் எங்கள் மொட்டைமாடியில் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் விரித்துக்கொண்டிருந்தேன். ரஹீமா அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு. "அக்கா, இன்னா லேட்டு?" என்றேன். பேசியது அவருடைய அண்ணன் காதர் பாய். "தம்பி, தங்கச்சி மவுத்தாயிட்டா. தூக்கத்துலயே." அவ்வளவுதான். பிறகு அந்தச் சாவுச் செய்தியை நம் பொம்மை ரயில் குழுவில் ஒவ்வொருவருக்கும் நான்தான் சொன்னேன்.

உங்களுக்கு அவரைத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டுகளில் ஈயம் பற்றவைத்தவர். நம் கூட்டத்தின் ஒரே பெண். உள்ளங்கையில் அடங்கும் சின்ன எஞ்சின்களுடன் வந்தவர். போன வருடம் பூனை அளவில் ஒரு பெரிய எஞ்சினைப் பழையதாக வாங்கிவந்தார். காதர் பாய் மகனின் கல்யாண வலீமா விருந்துக்காக.

திட்டம் எளிது. பூந்தமல்லி மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் திரை. அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து ரயிலை ஓட்டுவார். அது திரைக்கு அடியில் நுழைந்து, தம்ரூட் இனிப்புத் தட்டுடன் அண்ணன் முன்னால் நிற்கும். காதர் பாய் கேட்டார்: "பொம்மய வெச்சிகினு இன்னா வெளயாட்டு? சபைல மானம் போச்சுன்னா அத்தனையும் பரண்ல ஏத்திடணும். அப்பறம் தொடக் கூடாது." அக்கா சரி என்றார். யோசிக்காமல்.

பெரிய எஞ்சினுக்கான டீகோடர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். நாள் இல்லை. தண்டவாளத்தில் வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டுவது அந்தச் சில்லுதான். எங்களிடம் இருந்தவை சின்ன எஞ்சினுக்கானவை, நகத்தளவு. பெரிய மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் முதலாவது கருகியது. "சின்ன மூள, பெரிய ஒடம்பு. எங்க மேனேஜராட்டமே" என்றார் அக்கா. பிறகு ரிச்சி தெருவில் கனமான மோட்டார் டிரைவர் போர்டு ஒன்று வாங்கினோம். சின்னது கட்டளையை மட்டும் சொல்லும். மின்சாரத்தை இது சுமக்கும்.

வலீமாவுக்கு மூன்று நாள் முன்பு, காதர் பாய் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. மிக மெதுவான வேகம்தான் கொடுத்தோம். ரயில் பாய்ந்தது. வளைவில் தண்டவாளத்தை விட்டு, காதர் பாயின் வெள்ளை ஜிப்பாவில் தம்ரூட்டை இறக்கியது.

அவர் எழுந்து நின்றார். "பரணத் தொடச்சி வெக்கிறேன்."

தவறு என்னுடையது. மோட்டார் எவ்வளவு சுற்றுகிறது என்று டீகோடர் நொடிக்குப் பலமுறை தொட்டுப் பார்க்கும். இப்போது நடுவில் வேறொரு போர்டு. மோட்டார் அதன் கைக்கு எட்டவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்து முழு வேகத்தையும் கொடுத்திருக்கிறது. டீகோடரின் அமைப்பை மாற்றி அந்தப் பழக்கத்தை நிறுத்த முயன்றேன். கட்டளையை ஏற்றதாக அதனிடமிருந்து பதிலே இல்லை. டீகோடர் செத்துவிட்டது என்றேன்.

அக்கா சிரித்தார். "சாவல. 'ஆவட்டும்'னு அது சொல்றதே மோட்டார ஒரு தட்டு தட்டித்தான். மோட்டாரே இல்லாத ஊட்டாண்ட எத்தத் தட்டும்? உன் காலேஜ்ல இதெல்லாம் சொல்லலியா நைனா?"

பையிலிருந்து தன்னுடைய முதல் சின்ன எஞ்சினை எடுத்தார். பச்சை நிறம். நம்மில் யாரையும் தொட விடாதது. நான் தடுப்பதற்குள் திருகுகளைக் கழற்றி, மோட்டாரைப் பிடுங்கி, டீகோடரின் கம்பிகளோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார். பெரிய எஞ்சினின் வயிற்றில் சின்ன மோட்டார். அது எதையும் இழுக்காது. சும்மா சுற்றும். அதைத் தொட்டுப் பார்த்து டீகோடர் நிம்மதியாக இருக்கும்.

"பச்ச எஞ்சின் போச்சே அக்கா."

"போவல. ஊடு மாறிகீது."

வலீமா அன்று நான் ஆண்கள் பக்கம், கையில் போன், மறுமுனையில் அக்கா. அக்காவால் ரயிலைப் பார்க்க முடியாது. "திரை தாண்டிடுச்சு. வருது. இன்னும் ரெண்டடி" என்றேன். "கத்தாத, போன் காதுலதான் கீது" என்றார். எஞ்சின் நடந்து வந்தது. அப்படித்தான் சொல்லவேண்டும். காதர் பாயின் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தட்டு அசையவில்லை.

அவர் ஒரு துண்டு எடுத்தார். மென்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். என் போனைப் பிடுங்கிக்கொண்டார். "தங்கச்சி, இன்னொரு ரவுண்டு உடு. சம்பந்தி இன்னும் எடுக்கல." திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரித்த சத்தம் இந்தப் பக்கம் வந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அந்த எஞ்சினைக் கேட்டுப் போனேன். யாராவது பராமரிக்கவேண்டுமே என்றேன்.

"தர மாட்டேன்" என்றார் காதர் பாய். அது கூடத்தில், அலமாரியின் நடுத்தட்டில் இருந்தது. துடைத்திருந்தார். "உனக்கு ஓட்டத் தெரியும்ல? ஞாயித்துக்கெழம வந்து ஓட்டு."

போகிறேன். அவர் தரையில் உட்கார்ந்து தண்டவாளத்தைத் தப்பும் தவறுமாகப் பொருத்துகிறார். திருத்தினால் கோபிக்கிறார். வேகம் கொஞ்சம் கூடினால் ஜிப்பாவை இழுத்துச் சுருட்டிக்கொள்கிறார்.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இந்த அண்ணனைத்தான் விட்டுப்போயிருக்கிறார்.