தட்டில் விழுந்த இரண்டாவது லட்டு

அறுபதுகளின் நடுவில், கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்ததும் தம்பிக்குப் பெண் பார்க்க அம்மாவும் தம்பியும் நானும் திண்டுக்கல்லில் பஸ் ஏறி செம்பட்டிக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்டு இருந்ததால் அவர் வரவில்லை. நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். முப்பது வயதைத் தாண்டியிருந்தேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பே எனக்குச் சர்க்கரை வியாதி என்று மதுரையில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை எழுதிக் கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொன்னார். சீனியை அடியோடு விடச் சொன்னார். சீனி போடாத காபி முதலில் கரியைக் கரைத்துக் குடிப்பது போல இருந்தது. ஒருநாள் வாயில் வைத்ததை அப்படியே முற்றத்தில் துப்பியிருக்கிறேன். பிறகு காபித் தூளைக் குறைத்து, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழகிக்கொண்டேன். பள்ளிவிட்டு வந்ததும் பன் தின்கிற வழக்கத்தை விட்டு, அவித்த தட்டைப்பயறுக்கு மாறினேன்.

நாக்கு கூட அடங்கிவிட்டது. மனிதர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஞானஸ்நான வீடு, கல்யாண வீடு, எங்கே போனாலும் ஒரு துண்டு தின்றால் என்ன ஆகிவிடும் என்று கையைப் பிடிப்பார்கள். தவக்காலம் முழுக்கக் கறி மீன் தொடாமல் இருப்பவர்கள்தான். இன்னொருத்தி சீனியை விட்டால் மட்டும் அவர்களுக்குப் பொறுக்காது.

பஸ்ஸில் அம்மா என் காதருகே குனிந்தாள்.

“அங்க வந்து சீனி வேணாம் கீனி வேணாம்னு வாயத் தெறந்துறாத. குடும்பத்துல வியாதி இருக்குன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்?”

“அப்ப நான் வரல. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன்.”

“மூத்தவ ஏன் வரலைன்னு அதுக்கு ஒரு கேள்வி கேப்பாக. ஒரு நாளைக்கு, அம்புட்டுத்தான்.”

தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அப்போதே உள்ளுக்குள் எரிய ஆரம்பித்துவிட்டது.

பெண்ணின் அப்பா தேங்காய் வியாபாரி. நல்ல மனிதர்கள், நன்றாக உபசரித்தார்கள். சீனி கிடைக்காத காலம் அது. ரேஷன் சீனியைச் சேர்த்து வைத்து கேசரியும் லட்டும் செய்திருந்தார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். தட்டுகள் வந்தன. நான் லட்டில் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெண்ணின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன டீச்சரம்மா, எங்க வீட்டுப் பலகாரம் பிடிக்கலையோ?”

“இல்லம்மா, காலையில இருந்து வயிறு சரியில்ல.”

“அவ சும்மா சொல்லுறா. கூச்சம்” என்றாள் என் அம்மா. சொன்னதோடு நிற்கவில்லை. தன் தட்டிலிருந்த லட்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். “சாப்பிடு” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மதுரைக்கு என்னோடு வந்து, டாக்டர் சொன்னது அத்தனையையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அதே அம்மா.

வெளி ஆட்கள் வற்புறுத்துவது வேறு. பெற்றவளே தெரிந்துகொண்டே வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் எதிரே நாற்காலியில் இருந்த பெண்ணின் அப்பாவைக் கவனித்தேன். நாங்கள் வந்ததிலிருந்து அவர் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அடிக்கடி எழுந்து கொல்லைப்பக்கம் போய்வந்தார். வலது பாதத்தில் துணிக்கட்டு. வியாதி தெரிவதற்கு முன்னால் நானும் அப்படித்தான் தண்ணீருக்கு அலைந்தேன். அவர் கையிலும் லட்டுத் தட்டு இருந்தது. மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, லட்டைப் பிட்டு வாயில் போட்டார்.

நான் தட்டைத் தரையில் வைத்தேன்.

“எனக்குச் சக்கர வியாதி. ரெண்டு வருசமா சீனி தொடுறதில்ல. இத நான் தின்ன மாட்டேன்” என்றேன். மெதுவாகச் சொல்ல நினைத்தது, கத்தலாகத்தான் வந்தது.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. பெண்ணின் அம்மா எழுந்தே விட்டார்.

“வியாதியா? சம்பந்தம் பேசிவிட்ட உபதேசியார் ஒண்ணும் சொல்லலையே. மறைச்சில்ல பேசியிருக்கீக.”

அம்மா ஏதோ மழுப்பத் தொடங்கினாள். அதற்குள் அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்துவிட்டாள். யார் முகத்தையும் பார்க்காமல் நேராகப் போய் அப்பா கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள்.

“போதும், வையிங்கப்பா.” பிறகு தன் அம்மாவிடம் திரும்பினாள். “நாம மட்டும் சொன்னோமாம்மா? கால்ல புண்ணு ஆறாமக் கெடக்கு. ஆசுபத்திரியில சீனிய விடச் சொல்லி எத்தன மாசமாச்சு. இன்னைக்கு இவுகளுக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்கதான அவருக்கு லட்டு எடுத்துக் குடுத்தீக?”

அழவில்லை அவள். கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. அடுப்படிக்குப் போய், சீனி போடாத காபி இரண்டு டம்ளர் கொண்டுவந்து அப்பாவுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாகக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

“எப்படித்தாம்மா இதக் குடிக்கிறீக?” என்று என்னைக் கேட்டார்.

“கொஞ்ச நாள் கசக்கும். அப்புறம் பழகிரும்” என்றேன்.

இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கிளம்பும்போது போய்வாருங்கள் என்று சொல்லக்கூட ஆளில்லை. திரும்பும் பஸ்ஸில் அம்மா என்னோடு பேசவில்லை. மானத்தை வாங்கிவிட்டேன் என்று தம்பியிடம் புலம்பினாள். அதுவரை வாய் திறக்காதிருந்த தம்பி, “எனக்கு அந்தப் பொண்ணுதாம்மா வேணும்” என்றான்.

அம்மா சம்மதிக்கப் பல மாதம் ஆனது. அதற்குள் மழைக்காலத்தில் பெண்ணின் அப்பாவுக்கு மதுரையில் வைத்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார். அந்த அம்மாவைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். வாய் வரவில்லை. யாரைத் திட்டுவது? ஊரே சேர்ந்து செய்கிற காரியம்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. கோவிலுக்கு அவர் கட்டைகளை ஊன்றி வந்தார். விருந்தில் அவருடைய பங்காளி ஒருவர் பாயசம் ஊற்ற வாளியோடு வந்து, மகள் கல்யாணத்தில் கூடவா வேண்டாம் என்பாய் என்று சத்தமாகச் சிரித்தார். பெரியவர் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார்.

“இன்னொரு காலு இருக்கப்பா எனக்கு” என்றார். வாளி நகர்ந்து போனது.

பேரப்பிள்ளைகள் ஓடியாடுவதைப் பார்க்கும் வரை அவர் இருந்தார். என் அம்மா மட்டும் கடைசிவரை, பெண் பார்க்கப் போன இடத்தில் நான் குடும்பத்தைத் தலைகுனிய வைத்தேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். தான் செய்தது தவறு என்று ஒருநாளும் சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் பாசம் உண்டு, ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் என் மனம் இன்றுவரை ஆறவில்லை. வேண்டாம் என்கிற ஒருவர் தட்டில் யாராவது இனிப்பை வைப்பதைப் பார்த்தால், அது யார் வீடாக இருந்தாலும் நான் எழுந்து சத்தம் போடுகிறேன்; என்னை மரியாதை தெரியாதவள் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.