ஒரே கம்பத்தில் இரண்டு ஒயர்

எங்கள் மாடியில் குடியிருந்தவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஷேர் வாங்கி விற்பவர். ஒல்லியான ஆள், ஃபேனுக்கு அடியிலும் கழுத்து வியர்க்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர், ஒரு நெட் போனால் இன்னொரு கம்பெனி நெட் என்று எல்லாம் வைத்திருந்தார். தினமும் மார்க்கெட் திறக்கும் முன், மாடிப்படியிலிருக்கும் மெயினைத் தானே அணைத்து, இன்வெர்ட்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவார்.

ஒருநாள் எங்கள் முத்தியால்பேட்டையில் தேர். தெருவில் கரண்டை நிறுத்தினார்கள். அவருடைய இன்வெர்ட்டர் ஓடியது. தேர் இடிக்காமலிருக்க, எதிர்க் கம்பத்தில் தொங்கிய ஒயர்களை ஒருவர் அறுத்தார். மேலே "ஐயோ" என்று அலறல். ஓடினேன். இரண்டு நெட் கம்பெனி ஒயரும் அந்த ஒரே கம்பத்தில்தான் வந்திருக்கின்றன.

"செல்லுல பாருங்க சார்" என்றேன்.

"இவ்ளோ கூட்டத்துல நெட் எங்க சார் எடுக்குது? விலை எறங்கிட்டே இருந்துச்சி. உடனே விக்கணும் சார்."

புரோக்கர் ஆபீசுக்குப் போன் போட்டார். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுதான் ஓடியது.

எவ்வளவு போனது என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் மெயின் அணையும் சத்தம் கேட்டது. திரும்பப் போடும் சத்தம் வரவேயில்லை. பயந்துபோய் மேலே ஏறினேன். இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, கறுத்த ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நாமளே அணைச்சி வெச்சிட்டா, அப்புறம் எது சார் போவும்?" என்றார்.

ஃபேன் நின்றிருந்தது. அவர் கழுத்தில் பொட்டு வியர்வை இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு வியர்த்தது.