இனிப்பூட்டிக்குப் பயந்த மாதங்கள்

முப்பத்தொன்பது வயதில் கருவுற்றிருந்தேன். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. ஆறாம் மாதம் மலேசியாவின் கிள்ளானில் உள்ள அரசாங்க கிளினிக்கில் சீனித் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். "அக்கா, உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கு. பிள்ள பொறந்ததும் பெரும்பாலும் போயிரும்" என்றார் தாதி. எனக்குக் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை விரலைக் குத்தி ரத்தத்தில் சீனி அளவு பார்த்தேன். சோற்றைக் குறைக்க முடிந்தது. தேநீரை விடத்தான் முடியவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை. மூன்று குவளை இல்லாமல் அங்கே பொழுது போகாது. என் கணவர் சுபாங் ஜெயாவில் ஒரு பேரங்காடியிலிருந்து இனிப்பூட்டிப் பாக்கெட்டுகள் வாங்கி வந்தார். சீனி இல்லாமலே தேநீர் இனித்தது. அளவும் இறங்கியது. இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அண்ணி, என் கணவரின் அக்கா, ஞாயிறுதோறும் சமைத்து எடுத்துக்கொண்டு வருவார். பிள்ளைகள் இல்லாதவர். தம்பியைத் தன் பிள்ளையாகவே வளர்த்தவர். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஞாயிறு அடுக்களையில் பாக்கெட்டைப் பார்த்ததும் கத்தினார்.

"இத யாரு குடிக்கச் சொன்னா? வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இதையா குடிப்ப? தூக்கிப் போடு லா!"

வீடு திரும்பியதும் என் கைப்பேசிக்கு வரிசையாகச் செய்திகள் அனுப்பினார். புற்றுநோய் வரும், குழந்தையின் மூளை பாதிக்கும் என்றெல்லாம். இப்படிச் சுற்றி வரும் செய்திகளை நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் இரண்டை இழந்தவளுக்கு 'ஒருவேளை உண்மையாக இருந்தால்?' என்ற ஒரு கேள்வி போதும். எல்லாப் பாக்கெட்டுகளையும் குப்பையில் கொட்டினேன்.

அடுத்த ஞாயிறு அண்ணி கூலா மெலாக்கா கொண்டு வந்தார். தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் கறுப்புச் சீனி. "இது இயற்கையா வர்றது, ஒன்னும் செய்யாது" என்றார். நம்ப ஆசைப்பட்டேன், நம்பினேன். தேநீரில் கரைத்துக் குடித்தேன். அளவு ஏறத் தொடங்கியது. சோற்றை இன்னும் குறைத்தேன், இறங்கவில்லை. ஒரு காலை மீட்டர் காட்டிய எண்ணை நம்ப முடியாமல் இன்னொரு விரலையும் குத்திப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே எண்.

இப்படியே போனால் இன்சுலின் ஊசிதான் என்ற டாக்டர் என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். கணவருக்கு அன்று வேலை. அண்ணிதான் கூட வந்தார். ஆலோசகர் ஓர் இளம் தமிழ்ப்பெண். நான் சாப்பிட்டதையெல்லாம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டே வந்தவர், கூலா மெலாக்கா என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அக்கா, அதுவும் சீனிதான். கலர்தான் வேற."

"பாக்கெட்ல இருக்கிறது கேன்சர் வர வைக்கும்னு சொல்றாங்களே?" என்று கேட்டேன்.

"எல்லா இனிப்பூட்டியும் ஒன்னு இல்ல. சாக்கரின் மட்டும் கர்ப்பத்துல வேணாம்னு சொல்வோம். நீங்க குடிச்சது வேற வகை. நாளைக்கு ரெண்டு மூனு பாக்கெட் பயப்படுற அளவு இல்ல. ஒன்னுமே ஆகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், எந்தச் சாப்பாட்டுக்கும் யாரும் அப்படிப் பண்ண முடியாது. ஆனா சீனி இவ்ளோ ஏறினா பிள்ளைக்கு என்ன ஆகும்னு எங்களுக்கு நல்லாத் தெரியும்."

அப்போது அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், எனக்கு அஞ்சாம் மாசத்துல கலைஞ்சிருச்சு. அப்ப நான் இதே மாதிரி இனிப்பூட்டி போட்ட, சீனி இல்லாத டின் கோலாதான் குடிப்பேன், உடம்பு வைக்கக் கூடாதுன்னு. தினம் ஒன்னு."

அந்தக் குடும்பத்துக்கு மருமகளாகி வந்து பதினோரு ஆண்டான எனக்கு அவர் ஒரு முறை கருவுற்றிருந்ததே தெரியாது. ஆலோசகர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதனாலதான்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல ஆன்டி. பல சமயம் காரணமே தெரியாது. உங்க தப்பு இல்ல."

கார் நிறுத்துமிடத்தில் அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நெசமாத்தான் சொல்லுதா அந்தப் புள்ள? இல்ல, என் மனசு நோகக் கூடாதுன்னா?"

"நெசமாத்தான் அண்ணி" என்றேன். எனக்கும் யாராவது அதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் தேவலாம் போலிருந்தது.

கூலா மெலாக்காவை விட்டேன். மறுபடியும் பாக்கெட் வாங்கினேன். ஆனாலும் குடித்து முடித்ததும் வயிற்றில் கை வைத்து, குழந்தை உதைக்கும் வரை காத்திருப்பேன். உதைத்த பிறகுதான் குவளையைக் கழுவப் போவேன். அளவு இறங்கியது. ஊசி தேவைப்படவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. இனிப்பு நீர் இருந்த தாயின் பிள்ளை என்பதால் அவள் குதிகாலில் குத்திச் சீனி அளவு பார்த்தார்கள். முதல் அளவு கொஞ்சம் குறைவு. பால் கொடுத்துவிட்டு மறுபடி பார்க்கலாம் என்றார்கள். அந்த இடைவெளியில் நான் குடித்த ஒவ்வொரு குவளையையும் மனதுக்குள் விசாரித்தேன். இரண்டாவது அளவு சரியாக இருந்தது, மூன்றாவதும்.

அன்று மாலை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தன்னிடம் தங்காமல் போன பிள்ளையைப் பற்றி அண்ணி தன் தம்பியிடம் சொன்னார். அவருக்கும் அதுவரை தெரியாது.