ரத்தத்திற்குள் ஒரே சாமான்

என் ரத்தத்தை மச்சினன் பெயரில் பரிசோதனைக்குக் கொடுத்த முட்டாள் நான். புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனி. கிஃப்ட் பாக்ஸ் கட்டுகிற இடத்தில் நான் மேற்பார்வை. சந்தேகப்படத்தான் சம்பளம். குவியலுக்கு ஒன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும்; சோம்பல்பட்டவர்கள் கைக்கெட்டிய ஒரே குவியலிலிருந்தே அள்ளிப் பெட்டியை நிரப்பிவிடுவார்கள். பெட்டி முழுக்க ஒரே சாமான் என்றால் யாரோ ஏமாற்றுகிறார்கள்.

போன சீசன் முடிந்ததும் முதுகுவலிக்காக விருதுநகர் டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோயை எதிர்க்கும் புரதம் எத்தனையோ வகை இருக்க வேண்டிய இடத்தில், எனக்கு ஒரே வகை மலிந்து கிடக்கிறதாம். புற்றுநோயாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையைப் பார்க்க வேண்டுமாம்.

ஒரே சாமானா? லேப்பில் எவனோ அள்ளிப் போட்டுவிட்டான் என்று முடிவுகட்டி, வேறொரு லேப்பில் மச்சினன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினேன். அச்சு அசலாக அதே முடிவு வந்தது.

"ஏன் மச்சான், நல்லது எதையும் எம்பேர்ல வாங்க மாட்டீகளா?" என்றான் மச்சினன்.

இரண்டு தாளையும் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் என் தொழிலை வைத்தே விளக்கினார்.

"அந்தப் புரதத்தச் செய்யிற எதிர்ப்புச் செல்லு வளரும்போது தன்னோட மரபணுவையே வெட்டி ஒட்டும். குவியலுக்கு ஒரு துண்டு எடுத்துக்கிட்டு, நடுவுல உள்ளத எறிஞ்சிரும். செல்லுக்குச் செல்லு வேற துண்டு. அதான் அம்புட்டு வகை."

"வெட்டிக்கிட்டே இருந்தா?"

"ஒண்ணு சரியா ஒட்டிருச்சுன்னா நிப்பாட்டிரும். தாய் வழி வந்தது ஒட்டுச்சுன்னா தகப்பன் வழி வந்தத மூடி வச்சிரும். ஒரு செல்லு, ஒரே சரக்கு. உங்களுக்கு அதுல ஒரு செல்லு மட்டும் பெருகிப் பெருகி ஒரே பெட்டியா அடுக்குது."

"அங்கன மேற்பார்வைக்கு ஆளில்லையா?"

"இருந்தும் நடக்கும். உங்க கம்பெனியில நடக்கலையா?"

இடுப்பெலும்பு ஊசிக்குக் குப்புறப் படுத்தேன். அந்த ஊசியின் மேலேயும் சந்தேகம்தான்; வலித்த பிறகு நம்பினேன்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை, ஆனால் அந்தச் செல் கூட்டம் உள்ளேதான் இருக்கிறது, அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு நிம்மதி பாதி, சந்தேகம் பாதி.

"இன்னைக்கே அத வெளியேத்திரலாம்லம்மா? நாளைக்கு என்ன பண்ணுமோ?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தியபடி சொன்னார்:

"வம்பு பண்ணாத வரைக்கும் இருக்கட்டும்."