பதினொரு முறை ஒப்புக்கொண்டவர்

கூத்தையா தம் வாழ்நாளில் சாராயம் குடித்ததில்லை. அந்த வாடையே அவருக்கு ஆகாது. ஆனால் 1948இல் எங்கள் ஜில்லாவுக்கு மதுவிலக்குச் சட்டம் வந்தபின், பத்து வருடங்களில் பதினொரு முறை சாராயம் காய்ச்சியதாக ராமநாதபுரம் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார்.

உச்சிப்புளிக்குத் தெற்கே எங்கள் பனங்காட்டை ஒட்டி அவர் குடிசை. அவருக்கும் மனைவி மீனம்மாளுக்கும் எங்கள் வயலில்தான் வேலை. பனங்காட்டுக்குள் சாராய ஊறல் போட்டுக் காய்ச்ச வைத்தது என் தகப்பனார், அய்யா உக்கிரபாண்டி. இதை விட்டுவிட்டுக் கூத்தையாவைப் பற்றி எழுத முடியாது.

எங்கள் ஊரிலிருந்து வருடத்துக்கு ஒரு சாராயக் கேஸாவது போலீஸ் ஸ்டேஷன் காட்டியாக வேண்டும். ஏட்டு முந்தின நாளே அய்யாவிடம் சொல்லிவிடுவார். மறுநாள் காலையில் கூத்தையா குளித்து, துவைத்த வேட்டி கட்டி, அரைப்பானைச் சாராயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் போய் நிற்பார். ஏட்டு வந்து பிடிப்பார். ஒருமுறை ஏட்டு வரத் தாமதமானதால் இவரே பானையோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

“என்ன கூத்தையா, நீயே வந்துட்ட?”

“வெயிலுக்கு முன்ன முடிஞ்சா நல்லதுன்னு பார்த்தேன் ஏட்டய்யா. வயலுக்குத் தண்ணி கட்டணும்.”

“ஒரு மாசம் உள்ள இருக்கப் போற. தண்ணிய அங்க இருந்தா கட்டுவ?”

இதைச் சொல்லி அய்யா பல நாள் சிரித்தார். அபராதம் விதித்தால் எங்கள் வீட்டிலிருந்து போகும். சிறை என்றால் மீனம்மாளுக்கு நெல் போகும். எங்கள் ஊரைப் பொறுத்தவரை ஸ்டேஷனுக்குக் கூத்தையா போதும் என்று ஆனபிறகு, வேறு யாரையும் அவர்கள் தேடவில்லை.

கூத்தையாவுக்கு ஓர் ஆசை இருந்தது. மீனம்மாளின் தம்பி பூமிநாதன் தனுஷ்கோடித் துறையில் போர்ட்டர். இலங்கைக் கப்பலுக்குப் பெட்டி தூக்குவார். சட்டையில் போர்ட்டருக்கான பித்தளை அடையாள வில்லை குத்தியிருப்பார். அந்த வில்லை கிடைத்துவிட்டால் எங்கள் வயலை விட்டே போய்விடலாம். அதற்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்று வேண்டும். பதினோராவது கேஸுக்கு அய்யா கூப்பிட்டபோது, கூத்தையா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு அந்தச் சான்றைக் கேட்டார்.

“இந்த ஒரு தடவை போய்ட்டு வா. இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிப் பேரை எடுத்துருவோம்” என்றார் அய்யா.

“எசமான் சொன்னாச் சரித்தான்.”

“போன தடவையும் இதத்தான் சொன்னாக, அதுக்கு முந்தின தடவையும் இதத்தான் சொன்னாக” என்றாள் உடன் வந்திருந்த மீனம்மாள். “ஒமக்கு எண்ணத் தெரியாதா?”

அவர் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார்.

1958இல் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சட்டத்தால் குற்றம் குறைந்ததா, தண்டனை பெற்றவர்கள் மறுபடி அதே குற்றத்தைச் செய்கிறார்களா என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுப்பது அவர் வேலை. எங்கள் ஊர் மதுவிலக்குக் கமிட்டித் தலைவர் அய்யா. அதனால் விசாரணை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. காப்பி கொண்டுபோனவள் நான்.

“இத்தனை தடவை தண்டனை வாங்கியும் ஏன் திரும்பத் திரும்பச் செய்றீங்க?” என்று அவர் கேட்டார்.

கூத்தையா அய்யாவைப் பார்த்தார். அய்யா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லியாகிவிட்டது. அப்படிச் சொன்னால்தான் சான்று.

“பழகிப் போச்சுங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டார். பனங்காட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

சில மாதங்களில் அந்த அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகி வந்தது. “நம்மளப் பத்தி என்னம்மா போட்ருக்கு? வாசி” என்றார் அய்யா. தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். சட்டம் வந்த வருடத்தில் எங்கள் ஊரில் தண்டனை பெற்றவர்கள் பதினேழு பேர். கடைசி ஐந்து வருடங்களில் ஒரே ஒருவர். ஆகவே பதினாறு பேரைச் சட்டம் திருத்திவிட்டது. கமிட்டித் தலைவரின் ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது. எஞ்சிய ஒருவர் திருந்தக்கூடியவராகத் தெரியவில்லை. பழங்குற்றவாளிகள் பட்டியலில் சேர்த்துக் கண்காணிக்கலாம்.

“பார்த்தியா, நம்ம ஊரு தேறிருச்சு.”

“அந்த ஒருத்தர் கூத்தையா, அய்யா.”

“ஒருத்தனாவது இருக்கணும்ல” என்றார் அவர்.

வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் கைரேகை வைக்க வேண்டும், அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று கூத்தையாவுக்கு உத்தரவு வந்தது. வில்லைக்குப் போட்ட மனுவும் திரும்பி வந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு எங்கள் கொல்லைப்புறம் வந்தார். வாசித்துச் சொன்னேன். அறிக்கையில் இருந்ததையும் சொன்னேன்.

“மத்த பதினாறு பேரும் திருந்திட்டாகளா, தாயி?”

“இல்லை. அவங்களைப் பிடிக்கலை. நீங்க போயிட்டு வந்ததால பிடிக்க வேண்டி வரலை.”

“இது எசமானுக்குத் தெரியுமா?”

“அவருக்கு வாசிச்சுக் காட்டினதே நான்தான்.”

காகிதங்களை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு, “அடுத்த தடவை நான் இல்லேன்னு சொல்லப்போறேன். ஊறல் யாருதுன்னு நீங்க கோர்ட்டுல வந்து சொல்லுவீகளா?” என்று கேட்டார்.

“வாரேன்” என்றேன்.

மறுவருடம் அவர் பானையைத் தூக்க மறுத்தார். ஆனாலும் பானை அவர் குடிசையிலேயே கிடைத்தது. வழக்கு நாளன்று காலையில் நான் சேலை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அய்யா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா கிளம்பிட்ட?”

அவர் குரலை உயர்த்தவில்லை. “எங்கேயும் இல்லை, அய்யா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

கோர்ட்டில் நடந்ததை மீனம்மாள்தான் பிறகு சொன்னாள். “இது என்னுது இல்லைங்க” என்றிருக்கிறார் கூத்தையா. மாஜிஸ்ட்ரேட் காகிதங்களைப் புரட்டி, “பதினொரு தடவை உன்னுதுன்னு நீயே சொல்லியிருக்கியே” என்றாராம். கோர்ட்டில் சிரித்திருக்கிறார்கள். ஆறு மாதம். அத்தனை நீளமான தண்டனை அதற்குமுன் அவருக்கு வந்ததில்லை.

வழக்கம்போல அய்யா நெல் கொடுத்தனுப்பினார். மீனம்மாள் வாங்கவில்லை. வயலுக்கும் வருவதில்லை. நானாகத் தேடிப் போனபோது ஓலை முடைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கோர்ட்டுக்கு வெளிய வண்டிச் சத்தம் கேக்குறப்பெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாக” என்றாள். “நீங்க வாரீகளோன்னு.”