குளிர்ந்த எஞ்சினில் ஏறிய முள்

நான் வியாபாரி. பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை. ஆனால் விற்க ஒன்றும் இல்லாத இடத்தில் பொய்யை வீணாக்குவது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. இதில் நான் விற்க ஒன்றும் இல்லை. நீங்கள் நம்பினால் எனக்கு லாபமில்லை, நம்பாவிட்டால் நஷ்டமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். விளக்கைப் போட்டுக்கொண்டு படிப்பது உங்கள் சௌகரியம்.

என் தொழில் பழைய கார்கள். வட்ட ஹெட்லைட், குரோம் பம்பர், பெரிய மெல்லிய ஸ்டியரிங். இப்படிப்பட்டதை வாங்கி, துடைத்து, உயிர் கொடுத்து, அதன்மேல் மையல் கொண்ட யார் தலையிலாவது கட்டிவிடுவேன். துடைப்பது நான். உயிர் கொடுப்பது என் மனைவியின் தம்பி. மெக்கானிக். அவன் விரலில் ஒரு கீறல் விழுந்தாலும் எனக்கு வீட்டில் இடம் கிடையாது. என் மனைவி அதைக் கல்யாணத்தன்றே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

அந்த வண்டியைக் கொண்டுவந்தவர் ஒரு தரகர். தொழிலில் எல்லோரும் அவரை ஜில்லு என்பார்கள். அவர் காட்டும் எந்த வண்டியும் சூடாகாது. "ஏறி உட்காருங்கண்ணே, சும்மா ஜில்லுன்னு போகும்." இதுதான் அவர் பாட்டு.

தந்த நிறம். இரண்டு கதவு. டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஒரு சின்ன வட்ட மீட்டர், ஒரு ஓரம் நீலம், மறு ஓரம் சிவப்பு. அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். முள் நீலத்தை விட்டு எழும்பவே இல்லை. ஜில்லு பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல் சிரித்தார்.

இறங்கியதும் மச்சான் என் காதில் சொன்னான். "மாமா, இது நல்லதில்ல. இவ்வளவு நேரம் ஓடின எஞ்சின் சூடாகியே ஆகணும். உடம்பு சூடே இல்லைன்னா ஆரோக்கியம்னா அர்த்தம்? பொணம்னு அர்த்தம். உள்ள தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டாங்க."

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நிற்கும் வாயிற்காவலன். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை விடாது. குறித்த சூடு வந்ததும் அதற்குள் இருக்கும் மெழுகு இளகி, கதவு திறக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும், முள் ஏறாது. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் நாலு தெரு ஓட்டிக் காட்டும்போது தெரியாது. வாங்கியவன் தூரப் பயணம் போகும்போதுதான் தெரியும். அதற்குள் தரகர் கையைக் கழுவியிருப்பார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்தவன் தில்லுமுல்லு என்பது விலையை வெட்டக் கிடைத்த கத்தரி. வெட்டினேன். வாங்கினேன்.

பட்டறையில் ரேடியேட்டரைக் கழுவியபோது துருச்சேறு வாளி வாளியாக வந்தது. பிறகு புது தெர்மோஸ்டாட். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மூன்று எடுத்து வைத்தார்: எழுபத்திநாலு டிகிரி, எண்பத்திரண்டு, எண்பத்தெட்டு.

"கம்மி டிகிரியே போடு. வண்டி குளுமையா இருக்கும்," என்றேன்.

"மாமா, தெர்மோஸ்டாட் எதையும் குளிர வைக்காது. சூடு இதுக்குக் கீழ போகக்கூடாதுன்னு பார்த்துக்கும், அவ்வளவுதான். இதுக்கு மேல போகக்கூடாதுன்னு பார்க்கிறது ரேடியேட்டர். அது அடைச்சிருந்தா நீங்க எந்த டிகிரி போட்டாலும் கொதிக்கும்."

"அப்ப எண்பத்தெட்டு?"

"அது பனியில ஹீட்டர் போட்டுட்டுப் போறவங்களுக்கு. நமக்கு எண்பத்திரண்டு."

அதை என் மனைவியின் பால் பாத்திரத்தில் போட்டு, அடுப்பில் வைத்து, வெப்பமானியைப் பிடித்துச் சோதித்தான். எண்பத்திரண்டில் வாய் திறந்தது. அந்தப் பாத்திரத்துக்குச் சமையலறையில் மறுபடி அனுமதி இல்லை. எனக்கும் இரண்டு நாள் இல்லை.

மாட்டினான். ஓட்டினோம். முள் நடுவில் போய் நின்றது. மணிக்கணக்காக ஓட்டியும் அசையவில்லை. எல்லாம் சரி.

இரண்டு விஷயம் மட்டும் சரியில்லை.

பானெட்டின் உள்பக்கம், ரேடியேட்டர் மூடிக்கு நேர் மேலே, பெயிண்ட் கொப்பளித்திருந்தது. மச்சான் சுரண்டிவிட்டுப் புது பெயிண்ட் அடித்தான். மறுநாள் காலை அதே இடத்தில் கொப்பளம்.

இன்னொன்று சத்தம். ஓடி நின்ற எஞ்சின் ஆறும்போது உலோகம் சுருங்கி ஒரு சத்தம் போடும். டிக்... டிக்... கேட்டிருப்பீர்கள். இந்த வண்டி ஓடாத நாளிலும் அந்தச் சத்தம் வந்தது.

"எலியா இருக்கும்," என்றேன்.

"எலி இவ்வளவு தாளம் தப்பாம கடிக்காது மாமா," என்றான்.

அந்த வாரமே ஜில்லு திரும்பி வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பணக்காரர் இதே வண்டியைத் தேடுகிறாராம். "நாமளே ஓட்டிட்டுப் போய்க் காட்டலாம்ணே. பார்த்தா விடமாட்டார்." பேசிக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

முள் ஏறியது.

பேட்டரி கழற்றப்பட்டு மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மீட்டர் கரண்டில் வேலை செய்வது. வண்டியில் ஒரு பொட்டு கரண்ட் இல்லை. நீலத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து சிவப்புக்கு, நிதானமாக... யாரோ தலை நிமிர்ந்து பார்ப்பதுபோல்.

ஜில்லு இறங்கினார். முள் இறங்கியது.

மச்சானைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். முள் அசையவில்லை. நான் உட்கார்ந்தேன். அசையவில்லை.

மச்சானிடம் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல விலை காத்திருந்தது. பேய்க்குப் பயப்படலாம், நல்ல விலைக்குப் பயந்த வியாபாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

மறுநாள் கிளம்பினோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் ஜில்லு. பின்னால் மச்சான். மலைச் சாலை தொடங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டாஷ்போர்டு விளக்கைப் போட்டேன்.

முள் நடுவைத் தாண்டியிருந்தது.

"மேடு ஏறுதுல்ல," என்றார் ஜில்லு.

சமதளம் வந்தது. முள் நிற்கவில்லை.

"இருங்க, தம்பி முன்னாடி வந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கட்டும். நீங்க பின்னாடி போங்க," என்று வண்டியை நிறுத்தினேன். ஜில்லு கீழே கால் வைத்ததும் முள் சரசரவென்று இறங்கியது. பின் சீட்டில் உட்கார்ந்தார். மறுபடி ஏறத் தொடங்கியது. இந்த முறை மெதுவாக. தேடுவதுபோல்.



"இந்த வண்டி முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?"

"யாரோ ஒரு தச்சர்."

"ஏன் வித்தார்?"

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்தார்.

"ஓட்ட ஆளில்ல," என்றார்.

டக்.

முள் சிவப்பின் கடைசியில் போய் மோதிய சத்தம். நிறுத்தினேன். மணி ஆறே முக்கால். முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை.

ஆவி வரவில்லை. வாசனை வரவில்லை. மச்சான் இறங்கி பானெட்டைத் தூக்கினான். தூக்கிய பானெட் என் முன்கண்ணாடியை முழுக்க மறைத்துவிட்டது. எனக்கு அவன் குரல் மட்டும்தான்.

"மாமா, ஹோஸ் குளிர்ந்திருக்கு. எஞ்சினும் குளிர்ந்திருக்கு. ஒயர் எங்கயோ பாடியில உரசுது, அதான் முள் பொய் சொல்லுது. நீங்க இறங்காதீங்க, முள்ளையே பாருங்க. நகர்ந்தா சொல்லுங்க."

இத்தனை தூரம் மலை ஏறிய எஞ்சின் குளிர்ந்திருக்கிறது... அவன் அதை யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

ஜில்லு இறங்கி முன்னால் போனார். இந்த முறை முள் இறங்கவில்லை.

"மூடியைத் திறந்து தண்ணி இருக்கான்னு பாரு தம்பி."

"கொஞ்ச நேரம் ஆறட்டும்ணே. சூட்டுல திறக்கக் கூடாது."

"அதான் குளிர்ந்திருக்குன்னு நீயே சொல்றியே. திற. ஒண்ணும் ஆகாது."

டிக்... டிக்... என்ற சத்தம் அதுவரை வந்துகொண்டிருந்தது. அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"மாப்ள, திறக்காதே," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

துணியை மூடிமேல் போடும் சத்தம்.

பிறகு கால்கள் தரையில் இழுபடும் சத்தம்.

"மாமா... கையை விடுங்க," என்றான் மச்சான்.

நான் சீட்டில் இருந்தேன்.

இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

"விடுங்க மாமா, வலிக்குது..."

ஜில்லு சிரித்தார். "தள்ளுப்பா. நான் திறக்கறேன்."

மூடி திருகும் சத்தம். கிர்ர்...

அமைதி.

"பார்த்தியா? பச்சத்தண்ணி. ஒண்ணும்..."

அப்புறம் வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

என் முன்னால் முள் இறங்கியது. சிவப்பு... நடு... நீலம். நின்றது.

ஓடினேன். மச்சான் பின்பக்கச் சக்கரத்தருகே உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. முன்னாலிருந்து அங்கே எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஜில்லு தரையில் கிடந்தார். முகத்தைப் பற்றி வேண்டாம்.

ரேடியேட்டரைப் பார்த்தேன். விளிம்புவரை தண்ணீர். அசையாமல். கீழே ஒரு சொட்டு சிந்தவில்லை.

விரலை விட்டேன்.

குளிர்ந்த தண்ணீர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கொதிநீர்க் காயம் என்று எழுதினார். உயிருக்கு ஆபத்தில்லை, பார்வை திரும்பாது என்றார். பிறகு மச்சானின் கையைத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டில் நான்கு நீளக் கொப்பளம், உள்பக்கம் ஒன்று. "யார் பிடிச்சது?" என்றார். மச்சான் என்னைப் பார்த்தான். நான் என் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். சுத்தமாக இருந்தன.

அவன் அன்றைக்கே வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் பழைய சொந்தக்காரரின் முகவரியைத் தேடி எடுத்தான்.

நாலாம் நாள் தச்சர் வீட்டைத் தேடிப் போனோம். ஒரே அறை. மூலையில் முடிக்காத நாற்காலி ஒன்று. அவர் மனைவி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"ஆசையா வாங்கினார். முதல் தூரப் பயணம். எங்க பொண்ணு இவளையும் கூட்டிட்டுப் போனோம். மலையில கொதிச்சு நின்னுடுச்சு. வண்டியை வித்த தரகருக்கு போன் போட்டார். அந்த ஆள் சொன்னார், மூடியைத் திறந்து தண்ணி ஊத்துங்க, ஒண்ணும் ஆகாதுன்னு."

அவர் கதவோரம் திரும்பிப் பார்த்தார்.

"இவ என்ன நடக்குதுன்னு பார்க்க ஓடினா. அதுக்குள்ள அவர் திறந்துட்டார். வெந்த கையோட இவளை இழுத்துப் பின்னாடி தள்ளிட்டார். அப்புறம்தான் விழுந்தார். நான் ஆஸ்பத்திரியில அலைஞ்சப்போ அதே தரகர் வந்து இரும்பு விலைக்கு வண்டியைக் கேட்டார். கொடுத்துட்டேன். இவர் பிழைக்கல."

கதவோரம் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். அம்மா கூப்பிட்டதும் வந்து கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஆறிப்போன தழும்பு. வெளிப்பக்கம் நான்கு. உள்பக்கம் ஒன்று.

மச்சான் தன் கட்டைப் பிரித்து, கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தான். அந்தம்மா நெடுநேரம் பார்த்தார். அழவில்லை.

"அந்த ஆள் உயிரோட இருக்காரா?"

"இருக்கார். கண்ணுதான் போயிடுச்சு. பிழைச்சுக்குவார்னு சொல்றாங்க," என்றேன்.

"அப்படியா," என்றார். பெண்ணின் சட்டைக் கையை இழுத்து விட்டார். "எங்க வீட்டுக்காரர் எதையும் பாதியில விடுற ஆள் இல்லை."

மறுநாள் விடிவதற்குள் ஜில்லு இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. போனேன். அந்த வார்டு நர்ஸ் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார், நீங்கள் சொந்தமா என்று. இல்லை, வியாபாரப் பழக்கம் என்றேன். சொல்வதா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னார்.

ஜில்லு தாகமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அந்த நர்ஸ்தான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றி, தன் கையாலேயே வாயில் வைத்திருக்கிறார். ஒரே மடக்கு. டம்ளரில் மீதியிருந்த தண்ணீரை அப்புறம் மூன்று பேர் தொட்டுப் பார்த்தார்களாம். குளிர்ந்துதான் இருந்தது.

அவர் தொண்டை உள்ளே முழுக்க வெந்துபோயிருந்தது.