வெடுக்கென்று ஒரு பதில்

போன வாரம் லைனில் புதிதாகச் சேர்ந்த ஒடிசாப் பெண்ணிடம், "வெடுக்குனு இழுக்காதம்மா" என்றேன். கையை எடுத்துவிட்டு அவள் கேட்டாள்: "அக்கா, வெடுக்குனா இன்னா?"

கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்கிற ஆலை எங்களுடையது. ஒயரைக் கனெக்டரில் சொருகு, 'டிக்' சத்தம் கேள், மெதுவாக இழுத்துப் பார். வெடுக்கென்று இழுத்தால் நன்றாகப் பிடித்த கம்பியும் கழன்றுவிடும். அவள் கையிலிருந்த பேனாவைச் சட்டெனப் பிடுங்கிக் காட்டினேன். "ஓ, ஜட்கா!" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள்.

பாதி சரி. வாயாலும் அப்படிச் செய்யலாம் என்பதற்கு எதைப் பிடுங்கிக் காட்டுவது? ஸ்டெல்லாவைத்தான் காட்ட வேண்டும்.

டிப்ளமா முடித்துச் சேர்ந்த புதிதில் எனக்கும் அவளுக்கும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறை. வாலாஜாபாத்காரி, கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, "ஓ.டி. இருப்பீங்கல்ல?" என்பார், கூடுதல் நேர வேலைக்கு. "பாக்கறேன் சார்" என்று முனகிவிட்டு நைசாகப் பஸ் ஏறிவிடுவது எங்கள் வழக்கம். ஸ்டெல்லா ஒருநாள் நிமிர்ந்து, "இருக்க மாட்டேன் சார். எங்கம்மா ஆஸ்பத்திரில கீது" என்றாள். வெடுக்கென்று.

"பதில் சொல்ற லட்சணமா இது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த மாதத்தோடு அவள் கான்ட்ராக்ட் முடிகிறது. நீட்டித்தால்தான் அம்மாவுக்கு மருந்து.

அறையில் அவளுக்குப் பாடம் எடுத்தேன். முதலில் 'சார்', அப்புறம் 'மன்னிச்சிக்கங்க', கடைசியில் காரணம்.

"இன்னாடி, மன்னிப்பையும் ஒயரு மாதிரி வரிசையா சொருவ சொல்ற?" என்றாள். ஆனாலும் மறுநாள் ஆபீஸ் அறைக்குப் போய் அப்படியே சொன்னாள். "பாக்கறோம்மா" என்றார்களாம், அவளைவிட மெதுவாக.

மாத முதல் நாள் காலையில் நான் கேட்டைத் தாண்டிவிட்டேன். பின்னால் வந்த அவள் கார்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. செக்யூரிட்டி அண்ணன், "கார்ட குடுத்துட்டுப் போம்மா" என்றார், அத்தனை கனிவாக. கழுத்திலிருந்து அதை வெடுக்கென்று இழுத்துக் கொடுத்தாள். வெளியே திரும்ப எனக்கு வழியில்லை. உள்பக்கம் மட்டும் சுழல்கிற கம்பிக் கேட் அது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "ஸ்டெல்லா" என்றேன். "போடி, லேட்டாவுது" என்றாள்.

அதன்பிறகு எங்கள் லைனில் யாரும் 'மாட்டேன்' சொல்லி நான் கேட்டதில்லை.

நேற்று சூப்பர்வைசர் வந்து ஓ.டி.க்கு ஆள் கேட்டார். அந்த ஒடிசாப் பெண் தலையைக் குனிந்து, கொஞ்சமும் பிசகாத தமிழில், "பாக்கறேன் சார்" என்றாள். அதற்கு அர்த்தம் என்னவென்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.